குருமனையின் வரைந்த சன்னல்

விண்டர்ஹோல்ட் ஊர்க் குருமனையின் முகப்பைப் பார்த்துப் புகழாதவர்கள் இல்லை. உள்ளே குடியிருந்த குருவானவரின் மனைவி டார்கஸ் லாம்ப்ரிக்குக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

முகப்பு அழகுதான். நடுவில் வெள்ளை வாசற்கதவு, மேலே முக்கோண முகடு, இருபுறமும் இரண்டிரண்டு உயரமான சன்னல்கள், மாடியில் ஐந்து. சிவப்புச் செங்கல்லில் அளந்து வைத்தாற்போல் இருக்கும். ஆனால் அது முகம் மட்டும்தான். எழுபது வருஷத்துக்கு முன்னால், ஊர்ப் பிரபு சர் ஆம்ப்ரோஸ் ஹாலட்டின் தாத்தா, தன் மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது தெரிய வேண்டும் என்று நினைத்தார். அங்கே கூனிக் குறுகி நின்ற பழைய கல்வீட்டை இடிக்க மனம் வரவில்லை, செலவும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு முன்னால் ஒரு செங்கல் சுவரை எழுப்பி ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

பழைய வீட்டின் தளங்கள் ஒரு மட்டத்தில் இருந்தன, புதுச் சுவரின் சன்னல்கள் வேறு மட்டத்தில் வந்தன. அதனால் டார்கஸின் படுக்கையறைச் சன்னல் கணுக்காலில் தொடங்கி இடுப்பில் முடிந்தது. காலையில் மழையா வெயிலா என்று பார்க்க அவள் குத்த வைத்து உட்கார வேண்டும். சாப்பாட்டு அறையிலோ வெளிச்சம் உத்தரத்துக்கு மட்டும் கிடைத்தது, தட்டில் இருப்பது மீனா மாமிசமா என்பதை வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முன்கதவைத் திறந்ததும் இரண்டு படி கீழே இறங்க வேண்டும். முதல் முறை வருகிறவர்கள் யாரும் அதை இறங்கியதில்லை, விழுந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூட டார்கஸ் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது சமையலறை.

வாசலுக்கு இடதுபுறம், ஓரத்துச் சன்னலுக்குப் பின்னால் இருந்தது சமையலறை. ஆனால் அது சன்னலே இல்லை. சமையல்காரியின் முகமும் அழுக்குத் துணியும் மாளிகைக்குத் தெரியக்கூடாது என்று தாத்தா அந்த இடத்தைச் செங்கல்லால் அடைத்து, அதன்மேல் சன்னலைப் படமாக வரைய வைத்துவிட்டார். கறுப்புக் கண்ணாடிகள், வெள்ளைச் சட்டங்கள், பாதி இழுத்த ஒரு திரை, எல்லாம் வண்ணம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாளிகையிலிருந்து ஆள் வந்து புதுப்பித்துவிட்டுப் போவான். நிஜச் சமையலறைக்கு வடக்கே, கோழிக் கொட்டிலைப் பார்த்தபடி, ஒரு ரொட்டி அளவு ஓட்டை மட்டும் இருந்தது.

கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷமும் டார்கஸ் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். குருவானவர் செப்டிமஸ் லாம்ப்ரிக் நல்ல மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார், ஆமாம் என்றும் சொல்லமாட்டார்.

"சன்னல் வரி இருக்கே டார்கஸ். புதுசா ஒண்ணு திறந்தா வரிக்காரன் வந்து எண்ணிட்டுப் போவான்" என்பார்.

போன வருஷம் பாராளுமன்றம் சன்னல் வரியையே எடுத்துவிட்டது. செய்தித்தாளை மடித்துக்கூட வைக்காமல் டார்கஸ் அவர் படிப்பறைக்கு ஓடினாள்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"நல்ல செய்திதான்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஆரம்பித்தாலே அவளுக்குத் தெரியும். "ஆனா சர் ஆம்ப்ரோஸ் என்ன நினைப்பாரோ? எனக்கு இந்தத் திருச்சபையைக் குடுத்தவரே அவர்தானே."

"ஒன்பது வருஷமா வரின்னு சொன்னீங்க."

"வரியும் ஒரு காரணம்னுதான் சொன்னேன்."

அந்தக் குளிர்காலம் அப்படியே போனது. பிப்ரவரியில் ஒரு நாள், மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. சமையல்காரி கெசையா பிம் பன்றித்தொடை வேகவைத்த பானையைத் தூக்கிக்கொண்டு கழுவும் அறைக்குப் போனாள். அங்கேயும் ஒரு படி. இருபது வருஷமாக ஏறி இறங்கிய படிதான், அன்றைக்குப் பார்த்து யாரோ அதன்மேல் வாளியை வைத்திருந்தார்கள். கொதிக்கும் தண்ணீர் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கொட்டிவிட்டது.

அலறல் கேட்டு ஓடிவந்த டார்கஸ், சுண்ணாம்புத் தண்ணீரும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து துணியில் நனைத்துச் சுற்றினாள். அதற்கு வேலைக்காரப் பெண் ஒருத்தி மெழுகுவர்த்தி பிடிக்க வேண்டியிருந்தது. மெழுகுவர்த்தி இல்லாமல் தோல் எங்கே, துணி எங்கே என்று தெரியவில்லை.

"நான் என்ன வௌவாலாம்மா?" கெசையா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "வௌவாலுக்குக்கூட ராத்திரிதான் வேலை. எனக்குப் பகல்லயும் இருட்டு. ஐயா பிரசங்கத்துல நரகத்தைப் பத்தி சொல்லும்போதெல்லாம், நமக்குப் பழக்கமான எடம்தானேன்னு நான் பாட்டுக்குத் தூங்கிடறேன்."

மறுநாளே டார்கஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு மாளிகைக்குப் போனாள். சர் ஆம்ப்ரோஸ் வாதம் பிடித்த காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கெசையாவின் கையைப் பற்றி அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கேட்டுவிட்டு, "பாவம்" என்றார். பிறகு, "சமையலறைக்கு எதுக்கும்மா வெளிச்சம்? அடுப்புல தீ இல்லையா?" என்றார்.

டார்கஸ் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அந்தச் சன்னல் சாதாரணமானதில்ல. தாத்தா லண்டன்லேருந்து ஆளக் கூட்டிட்டு வந்து வரைஞ்சது. நம்ம வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்களை நம்ம சாலையில மூணாவது லிண்டன் மரத்துக்கிட்ட நிறுத்தி, இதுல எது பொய்ச் சன்னல் சொல்லுங்கன்னு கேப்பேன். இதுவரைக்கும் ஒருத்தரும் சரியாச் சொன்னதில்ல. போன வருஷம் ஒரு பேராயரே தோத்துட்டாரு!"

"பேராயருக்கு யாரோ பகல் வெளிச்சத்துல சமைச்சுப் போடறாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல, போயிட்டு வரேன்" என்று எழுந்துவிட்டாள். வழியெல்லாம் லிண்டன் மரங்களை வைதுகொண்டே வந்தாள்.

ஏப்ரல் கடைசியில் சர் ஆம்ப்ரோஸ் காலுக்கு வைத்தியம் பார்க்க பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்பினார். ஆறு வாரம் ஆகும் என்று பேச்சு. அவருடைய வண்டி பாலத்தைத் தாண்டியதும் டார்கஸ் படிப்பறைக் கதவைத் தட்டினாள்.

"கொத்தனாரைக் கூப்பிடப் போறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

செப்டிமஸின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது.

"கண்ணாடியக் கழட்டாதீங்க! சரியா, இல்லையா?"

"உனக்கு எது சரின்னு படுதோ…" அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆனா எனக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாது. பெரியவர் கேட்டா, நான் பொய் சொல்ல முடியாது பாரு. அதனால எனக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லது."

"நான்தான் இப்ப உங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேனே!"

"நான் சரியாக் கேக்கல" என்றார் குருவானவர்.

அவளுக்குச் சிரிப்பதா, மைக்கூட்டை எடுத்து எறிவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் வெளியே வந்தாள்.

உள்ளூர்க் கொத்தனார் மாட்டேன் என்றுவிட்டான். "என் தலைக்கு மேல இருக்கற கூரை பெரியவரோடதும்மா" என்று அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனவே எட்டு மைல் தள்ளி இருந்த சந்தை ஊரிலிருந்து ஈனாக் டாரன்ட் என்பவனைக் கூட்டிவந்தாள். அவன் வேறு பிரிவான மெதடிஸ்ட் சபைக்காரன், எந்தப் பிரபுவின் வீட்டிலும் குடியிருக்காதவன். உளியைத் தீட்டிக்கொண்டே, "குருவானவருக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"சரியாக் கேக்கலையாம்."

"அப்ப நான் மெதுவாத் தட்டறேன்" என்றான் ஈனாக்.

அன்றிலிருந்து செப்டிமஸுக்கு ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் நோயாளிகள்மேல் என்றுமில்லாத கரிசனம் வந்துவிட்டது. காலையில் போனால் மாலையில்தான் திரும்புவார். முற்றம் முழுக்கச் செங்கல் குவிந்திருக்கும். அதைச் சுற்றி நடந்து வந்து, தொப்பியில் படிந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, "இன்னைக்குக் காத்து கொஞ்சம் அதிகம்" என்பார்.

உள்ளே கெசையா வேறு புலம்பினாள். "ரொட்டி பிசைஞ்சா பாதி சுண்ணாம்பு. இந்த ரொட்டியத் தின்னா எலும்பு உறுதியாகும், பல்லுதான் போயிடும்."

மூன்றாம் நாள் ஈனாக் வெளியிலிருந்து கூப்பிட்டான். அவன் குரலில் ஏதோ இருந்தது. டார்கஸ் ஏணியில் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தாள். வரைந்த சன்னலின் செங்கல் வெறும் ஒற்றை வரிசைதான். அதன் பின்னால் உடைகல்லும் மக்கிய வைக்கோலும் திணித்து வைத்திருந்தார்கள். அதையெல்லாம் வழித்து எடுத்த இடத்தில் பழைய வீட்டின் கல்சுவர் தெரிந்தது.

"உடைக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்லம்மா" என்றான் ஈனாக். "ஏற்கெனவே ஒரு சன்னல் இருக்கு."

இருந்தது. நடுவில் ஒரு கல்தூண். இரண்டு பக்கமும் ஆள் நுழையும் அகலத்துக்கு இரண்டு திறப்புகள். அவற்றின் மேல்முனை கூம்பிய இலைபோல் செதுக்கியிருந்தது. ஈனாக் உள்ளங்கையால் அந்தத் தூணைத் தடவினான்.

"நானூறு வருஷம் இருக்கும். தேவாலயக் கோபுரத்துல இதே கைதான் வேலை செஞ்சிருக்கு. பாருங்க, உளி போன வழி."

அந்தக் காலத்தில் இங்கே குடியிருந்த கத்தோலிக்கப் பாதிரியாருக்குப் பெண்டாட்டி கிடையாது. சமையலறையில் வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்க ஒரு நாதி இருந்திருக்காது. அப்படியும் எவனோ ஒருவன் இங்கே கத்தியும் கையும் தெரிய வேண்டும் என்று யோசித்து இவ்வளவு அழகாகக் கல்லைக் குடைந்து வைத்திருக்கிறான். அதைப் போய், தூரத்திலிருந்து பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று வைக்கோல் திணித்து அடைத்திருக்கிறார்கள்! டார்கஸுக்குக் கோபத்தில் கண் கலங்கியது. ஏணியிலிருந்து இறங்கி, செங்கல் குவியலை ஒரு உதை விட்டாள். கால் வலித்ததுதான் மிச்சம்.

கல்சன்னல் செங்கல் சன்னலைவிட ஒரு முழம் கீழே இருந்தது. ஈனாக் இடையில் இருந்த கனத்தைச் சரிவாகச் செதுக்கி இரண்டையும் சேர்த்தான். உள்பக்கம் கல் அப்படியே இருந்தது. வெளிப்பக்கம் மற்றச் சன்னல்களைப் போலவே வெள்ளைச் சட்டம் போட்ட கண்ணாடிக் கதவு, மேலே தூக்கித் திறக்கிற மாதிரி. ஒன்பதாம் நாள் வேலை முடிந்தது.

முதல் நாள் காலை வெயில் உள்ளே வந்தபோது கெசையா நடுச் சமையலறையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று டார்கஸ் காத்திருந்தாள்.

"அடக் கடவுளே," என்றாள் கெசையா, "இதுலயா இருபது வருஷமா சமைச்சேன்?"

உத்தரமெல்லாம் கரி. சுவரில் கொழுப்பு விரற்கடை கனத்துக்கு ஏறியிருந்தது. அலமாரிக்குப் பின்னால் எலிகள் ஒரு குடித்தனமே நடத்தியிருந்தன. மூன்று நாள் இருவரும் சோடா உப்பும் தூரிகையுமாகத் தேய்த்தார்கள். செப்டிமஸுக்கு அந்த மூன்று நாளும் ஆறின மாமிசம்தான். அவர் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் நடுவில் சர் ஆம்ப்ரோஸ் திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை குருமனையைத் தாண்டித்தான் தேவாலயத்துக்கு நடந்தார். செப்டிமஸ் பிரசங்க மேடையில் நின்று ஒரே வசனத்தை இரண்டு தரம் படித்தார். சர் ஆம்ப்ரோஸ் தூங்கினார், விழித்தார், கைகுலுக்கினார், போனார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அவர் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. எழுபது வருஷமாகச் சன்னல்போல் இருந்த இடத்தில் ஒரு சன்னல் இருந்தது, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் ஒன்பது வருஷம்" என்றாள் டார்கஸ்.

"மெதுவாப் பேசு" என்றார் அவள் கணவர்.

அதற்கு அடுத்த வாரம் சர் ஆம்ப்ரோஸின் பெரியம்மா மகள் லெட்டிஸ் யார்க் நகரிலிருந்து விருந்துக்கு வந்தாள். அவரைவிட ஏழு வயது மூத்தவள், எழுபத்துமூன்று வயது விதவை. கையில் தடி, வாயில் அதைவிடப் பெரிய தடி. வியாழக்கிழமை மாலை எல்லோரும் லிண்டன் மரச் சாலையில் உலாவப் போனார்கள். குருவானவரும் மனைவியும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது மரத்தடியில் சர் ஆம்ப்ரோஸ் நின்றார். செப்டிமஸின் முகம் மேசைத்துணி நிறத்துக்குப் போனது.

"அக்கா, அந்த வீட்டப் பாருங்க. இதுல ஒரு சன்னல் பொய். எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

லெட்டிஸ் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "வலது ஓரம்."

"தோத்துட்டீங்க!" சர் ஆம்ப்ரோஸ் குழந்தைபோல் கைதட்டினார். "இடது ஓரம் அக்கா! அதோ! வெறும் செங்கல், மேல பெயிண்டு!"

அவர் நீட்டிய விரல் இறங்குவதற்குள் அந்தச் சன்னல் கதவு விருட்டென்று மேலே போனது. கல்தூணுக்கு ஒரு பக்கமாகக் கெசையாவின் தலையும் இரண்டு கைகளும் வெளியே வந்தன. மேசைத்துணி ஒன்றை நாலு உதறு உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செப்டிமஸ் தன் பூட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பெயிண்டுப்பா, ஆம்ப்ரோஸ்" என்றாள் லெட்டிஸ். "துணியெல்லாம் உதறுது."

சர் ஆம்ப்ரோஸுக்கு வாதம் இருந்ததே மறந்துவிட்டது. குருமனையை நோக்கி அவர் போன வேகத்துக்கு டார்கஸ் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. "படி! படி இருக்கு!" என்று அவள் கத்துவதற்குள் முன்கதவைத் திறந்துவிட்டார். படியை எப்படியோ சமாளித்தார். ஆனால் இத்தனை வருஷத்தில் வலதுபுறம் விருந்தினர் அறையைத் தாண்டி அவர் போனதே கிடையாது. இடதுபுறம் சமையலறைக்குப் போகும் நடையில் ஐந்தடி உயரத்தில் பழைய வீட்டின் விட்டம் ஒன்று குறுக்கே ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது.

சத்தம் வெளியில்வரை கேட்டது.

எல்லோரும் உள்ளே போனபோது அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கெசையா பழுப்புக் காகிதத்தைக் காடியில் நனைத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"தலையத் தூக்காதீங்க ஐயா. வீங்கத்தான் செய்யும். ரெண்டு நாள்ல வத்திடும்."

"நாளைக்கே!" அவர் காகிதத்துக்கு அடியிலிருந்து கர்ஜித்தார். "நாளைக்கே செங்கல் வச்சு அடைக்கணும்! யாரக் கேட்டு இதச் செஞ்சீங்க? லாம்ப்ரிக்! உமக்குத் தெரியுமா?"

செப்டிமஸ் வாயைத் திறந்தார். டார்கஸ் அவர் திறந்த வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருக்கத் தயாராக இல்லை.

"நான்தான் செஞ்சேன். கெசையா, கையக் காட்டு."

கெசையா இடது சட்டைக்கையைச் சுருட்டினாள். வெந்த தோல் ஆறி, மெழுகு உருகினாற்போல் சுருங்கியிருந்தது. வெயில் நேரே அதன்மேல் விழுந்தது. சர் ஆம்ப்ரோஸ் பார்த்தார். சட்டென்று பார்வையைத் திருப்பினார். திருப்பிய இடத்தில் கல்சன்னல் இருந்தது.

"இது என்ன?"

"சன்னல்" என்றாள் டார்கஸ்.

"அது தெரியுது. இது எந்தக் காலத்து வேலை?"

"நானூறு வருஷத்துதாம். உங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும். வைக்கோல் திணிச்சு மூடினவர் அவர்தானே."

லெட்டிஸ் தடியை ஊன்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். "நம்ம மாளிகையவிட முந்நூறு வருஷம் மூத்ததுப்பா. உன் தாத்தா ஒரு முட்டாள்னு எங்க அம்மா எப்பவும் சொல்லுவா."

சர் ஆம்ப்ரோஸ் எழுந்தார். ஒட்டிய காகிதம் நெற்றியில் தொங்க, அந்த இலைமுனைச் செதுக்கலைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறுவதை டார்கஸ் பார்த்துக்கொண்டே நின்றாள். அதில் வெட்கமோ மன்னிப்போ வரப்போகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தாள்.

"இந்த மாதிரி ஒண்ணு இந்த மாவட்டத்துலயே வேற யார்கிட்டயும் இல்ல" என்றார் அவர். "பக்கத்து ஊர் கர்னல் பிரஸ்காட்டக் கூட்டிட்டு வந்து காட்டணும்!"

கூட்டிவந்தார். கர்னலை மட்டுமா? பழம்பொருள் ஆராய்ச்சிச் சங்கத்தார் ஆறு பேர் அளவுநாடாவோடு வந்து மாவுப் பலகைமேல் குனிந்து நின்று அளந்தார்கள். செவ்வாய், வியாழன் என்றால் பதினோரு மணிக்கு யாராவது ஒரு கனவான் சன்னலை மறைத்துக்கொண்டு நின்று, "அருமை, அருமை" என்பார். கெசையா இருட்டில் வெங்காயம் நறுக்குவாள். வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று அவள் டார்கஸிடம் மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

ஜூலை மூன்றாம் வாரம் டார்கஸ் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தத் தடவை படிப்பறைக்கோ மாளிகைக்கோ போகவில்லை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு முன்னால் சமையலறைக்குள் வருகிறவர்கள் யாராக இருந்தாலும் உட்கார்ந்து பட்டாணி உரிக்க வேண்டும் என்று கெசையாவிடம் சொல்லி வைத்தாள். கர்னல் ஒரு கிண்ணம் உரித்துவிட்டுப் போனார், அப்புறம் வரவில்லை. சங்கத்துக் கனவான்கள் மூன்று மணிக்கு மேல் வரப் பழகினார்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை புதிதாக ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தவர் செப்டிமஸ். விருந்தாளி பக்கத்துத் திருச்சபைக் குருவானவர். "ஆரம்பத்துலேருந்தே இந்தச் சுவருக்குப் பின்னால ஏதோ இருக்குன்னு எனக்கு ஒரு எண்ணம்" என்று செப்டிமஸ் தூணைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "திறந்து பாத்துடுவோம்னு முடிவு பண்ணோம்."

டார்கஸ் கணவரைப் பார்த்தாள். அவர் கை மூக்குக்கண்ணாடிப் பக்கம் போவதற்குள் அந்தக் கையில் ஒரு கிண்ணத்தையும் மற்றக் கையில் பட்டாணிக் கூடையையும் வைத்தாள்.

"உக்காந்து பேசுங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். கால் மணி நேரம் உரித்தார். கெசையா வந்து கிண்ணத்தைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்து, அதிலிருந்து மூன்றைப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்றில் பச்சைப் புழு நெளிந்தது.

"போன வருஷம்னா இத நீங்க சாப்பிட்டிருப்பீங்க ஐயா" என்றாள்.